மியூச்சுவல் கன்சென்ட்

மியூச்சுவல் கன்சென்ட் என்ற இரண்டு சொற்களை நான் முதலில் கேட்டது என் தாய்மாமன் வாயிலிருந்து. அதுவரைக்கும் அவர் வாயிலிருந்து வந்த ஆங்கிலம் டென்ஷன், கமிஷன், லோடு, இவ்வளவுதான். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை வியாபாரம் செய்கிற மனிதருக்கு அதற்கு மேல் தேவைப்பட்டதில்லை. அன்றைக்குத் திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, அந்தச் சொற்களைப் புதுச் செருப்பு போட்டவர் நடப்பது போலப் பார்த்துப் பார்த்து உச்சரித்தார்.

"இன்னும் எதுக்குக்கா சண்ட? மியூச்சுவல் கன்சென்ட்ல முடிச்சிக்கலாம்னு வக்கீல் சொல்றாரு. செலவு கம்மி. ஜல்தியா முடிஞ்சிடும்."

"அது இன்னாடா அது?" என்றாள் அம்மா.

"ரெண்டு பேரும் ஒத்துக்கினு பிரியறது."

அம்மா கையிலிருந்த முருங்கைக்கீரைக் கொத்தைக் கீழே வைத்தாள். "ரெண்டு பேரும் ஒத்துக்கிற மாதிரி இருந்தா எதுக்குடா பிரியணும்?"

மாமா என்னைப் பார்த்தார். நீ படித்தவள், நீ சொல் என்கிற பார்வை. எனக்கும் அம்மாவின் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. இன்று வரைக்கும் தெரியவில்லை என்பதால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மேம்பாலத்துக்குக் கீழே ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் நான் வேலை பார்த்தேன். கண் பரிசோதிப்பவருக்கு உதவியாக நிற்பது, பிரேம் எடுத்துக் காட்டுவது, பில் போடுவது எல்லாம் நான்தான். எனக்கும் என் புருஷனுக்கும் பிரிவுப் பேச்சு வந்த பிறகு அந்தச் சொற்கள் என்னை விடவே இல்லை. கடைக்கு வந்த ஒரு டீச்சரம்மா பேச்சுவாக்கில், "மியூச்சுவல் கெடைக்கறதெல்லாம் குடுத்து வச்சிருக்கணும்மா. ஒரு வருசமா அலையறேன்" என்றார். இவ்வளவு ஆசையாகவா இதைத் தேடுவார்கள் என்று பார்த்தால், அவர் சொன்னது பணி மாறுதலைப் பற்றி. இவர் பள்ளிக்கு இன்னொரு டீச்சர், அவர் பள்ளிக்கு இவர். ஒருத்தர் இடம் இன்னொருத்தருக்கு வேண்டும், அதுதான் மியூச்சுவல். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் டிவியில் ஒருவன் மியூச்சுவல் ஃபண்டில் பணம் போடச் சொல்லிக்கொண்டிருந்தான். அம்மா அவனைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

"இவனும் அதத்தான் சொல்றானா?"

"இது வேறம்மா. எல்லாரும் சேந்து பணம் போடறது."

"எல்லாத்துக்கும் ஒரே பேரு. சேர்றதுக்கும் அதே, பிரியறதுக்கும் அதே. நல்லா வச்சானுங்க பேரு" என்று சேனலை மாற்றினாள்.

போனில் தேடினேன். பரஸ்பரம் என்று வந்தது. பரஸ்பர சம்மதம். அதைப் படித்ததும் குழப்பம் இன்னும் அதிகமாயிற்று. ஒருவர் மேல் ஒருவருக்குப் பிரியம் இருப்பதற்கும் பரஸ்பரம் என்றுதானே சொல்வோம். யாரிடமாவது கேட்கலாம் என்றால் என்னவென்று கேட்பது. எங்கள் தெருவில் எல்லாரும் ஏற்கெனவே "அவங்களுக்கு மியூச்சுவலாம்" என்று ஏதோ வைரஸ் காய்ச்சல் மாதிரி பேசிக்கொண்டிருந்தார்கள்.

இந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தோம் என்று சொல்ல வேண்டும்.

எனக்குக் கல்யாணம் நடந்தது ஒரு வைகாசியில். மாப்பிள்ளைக்குச் சொந்த ஊர் கண்டாச்சிபுரம் பக்கம். விழுப்புரத்தில் வீடும் கடையும். எரிந்துபோன பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுகிற கடை. எங்களுக்கு அவர்கள் அசல், சொந்தமில்லை. தரகர் மூலமாக வந்த சம்பந்தம். நிச்சயத்தன்று அப்பா இல்லாத குறைக்கு மாமா உட்கார்ந்து தாம்பூலம் மாற்றினார். அந்தப் பக்கம் மாப்பிள்ளையின் அப்பா. பூசாரி இரண்டு பெரியவர்களையும் பார்த்து, "சம்மதந்தானே?" என்று கேட்டார். இரண்டு பேரும், "சம்மதம், சம்மதம்" என்றார்கள். நான் உள்ளறையில் யாரோ தலையில் வைத்த பூவின் கனம் தாங்காமல் கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னை யாரும் கேட்கவில்லை. அவரையும் கேட்கவில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். அதற்காக இரண்டு பேருமே வருத்தப்படவில்லை. இதெல்லாம் கேட்கிற விஷயம் என்றே எங்களுக்குத் தோன்றவில்லை.

பேச்சு குறைந்த மனிதர். காயில் சுற்றும்போது மனசுக்குள் எண்ணிக்கொண்டே சுற்ற வேண்டும், நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் எண்ணிக்கை போய்விடும். ஆகவே கடையில் யார் என்ன கேட்டாலும் தலை நிமிராமல் இருந்து பழகிவிட்டார். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. நான் ஏதாவது கேட்டால் கொஞ்ச நேரம் கழித்துத்தான் பதில் வரும். முதலில் கோபம் வந்தது. அப்புறம் ஒரு மாலை அவித்த மல்லாட்டையைத் தட்டில் கொட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். அவர் ஒவ்வொன்றாக உரித்து, பருப்பைத் தட்டின் என் பக்கத்தில் வைத்துக்கொண்டே வந்தார். டிவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கை மட்டும் அந்த வேலையைச் செய்தது. எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போனது அப்போதுதான்.

ஆடி பிறந்தது. புதுப்பெண்ணை ஆடிக்குத் தாய் வீட்டுக்கு அழைத்து வருவது எல்லா ஊரிலும் உள்ளதுதான். அம்மாவும் மாமாவும் வந்து அழைத்துப் போனார்கள். ஒரு பையில் நாலு புடவையோடு வந்தேன். ஒரு மாசம்தானே என்று நல்ல புடவைகளை எல்லாம் அங்கேயே விட்டுவிட்டேன்.

எங்கள் வீட்டு வழக்கப்படி ஆடி முடிந்ததும் மாப்பிள்ளை வர வேண்டும். அவர் தன் அம்மாவையோ அக்காவையோ கூட்டிக்கொண்டு வருவார், நாங்கள் விருந்து போடுவோம், அவருக்கு வேட்டி சட்டை, பெண்ணுக்குப் புடவை வைத்துக் கொடுப்போம், அவர் பெண்ணை அழைத்துக்கொண்டு போவார். அம்மா இதற்காக ஆடித் தள்ளுபடியிலேயே வேட்டியும் புடவையும் எடுத்து பீரோவில் வைத்துவிட்டாள். தள்ளுபடியில் எடுத்தது அவர்களுக்குத் தெரியக் கூடாது என்று விலைச்சீட்டைப் பிய்த்தும் போட்டாள்.

அந்த மாசம் முழுக்க அவர் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு போன் பண்ணுவார். ஆடி கடைசியில், "எப்ப வர்ற?" என்று கேட்டார்.

"நீங்க எப்ப வர்றீங்க?" என்றேன்.

"சரி, சொல்லு" என்று வைத்துவிட்டார். என்னத்தைச் சொல்வது? வருகிறவர் அவர், நாளைச் சொல்ல வேண்டியவரும் அவர். எனக்குச் சுருக்கென்றது. "நான் வர்றேன்" என்று ஒரு வார்த்தை சொல்ல இவருக்கு என்ன கேடு என்று நினைத்தேன்.

ஆவணி பிறந்தது. அம்மா என் மாமியாருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"ஆவணி பொறந்துடுச்சே சம்மந்தி, என்னிக்குப் பாக்கலாம்?"

"நல்லதா போச்சு சம்மந்தி. நீங்களே நாள் பாத்து சொல்லுங்க. நாங்க ரெடியாத்தான் இருக்கோம்."

"நாங்களும் ரெடிதான் சம்மந்தி."

இரண்டு பேரும் உடம்பு சுகம், மழை, காய்கறி விலை எல்லாம் விசாரித்து முடித்து மரியாதையாக வைத்தார்கள். வைத்த கையோடு அம்மா என் பக்கம் திரும்பினாள். "ரெடியா இருக்காங்களாம். ரெடியா இருக்கிறவங்களுக்கு வர்றதுக்கு இன்னா? பஸ்ஸு இல்லியா?"

நாங்களாகக் கொண்டுபோய் விடலாம் என்று நான் ஒருமுறை சொன்னேன். அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. கூப்பிட வராத வீட்டுக்குப் பெண்ணை இழுத்துக்கொண்டு போய் வாசலில் நிறுத்தினால் நாளைக்கு உன்னை எவள் மதிப்பாள் என்றாள். அவள் சொன்னது நியாயமாகப் பட்டது. எனக்கும் மானம் என்று ஒன்று இருந்தது.

மாமா ஒருநாள் லோடு ஏற்றிவிட்டு விழுப்புரம் வழியாக வரும்போது கடைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் செருப்பைக் கழற்றும்போதே கத்தினார். "மூஞ்சியக்கூட தூக்கிப் பாக்கலக்கா! அவன் பாட்டுக்குக் கம்பிய சுத்திக்கினு கெடக்கறான். நான் மனுசன்னு நிக்கிறேன்." எண்ணிக்கொண்டிருந்திருப்பார், கொஞ்ச நேரம் நின்றிருந்தால் நிமிர்ந்திருப்பார் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. போன் பேசி ஒரு வாரம் ஆகியிருந்தது. எனக்கும் எரிச்சல் மண்டிக்கிடந்தது. அந்த வேளையில் அவருக்கு வக்காலத்து வாங்க எனக்கு மனசில்லை.

பிறகு தீபாவளி வந்தது. தலைதீபாவளி. மாப்பிள்ளை வீட்டுக்கு நேரில் போய் அழைக்க வேண்டும். ஆடிக்கு வராதவர்களைத் தீபாவளிக்கு எந்த முகத்தை வைத்துக்கொண்டு கூப்பிடுவது என்றாள் அம்மா. கூப்பிடவில்லை. அதோடு அந்தப் பக்கமிருந்து வந்த போன்களின் குரல் மாறியது. சம்மந்தி என்ற வார்த்தை நின்றுபோனது. தரகர் நடுவில் புகுந்து இங்கே கேட்டதை அங்கேயும் அங்கே கேட்டதை இங்கேயும் கொஞ்சம் காரம் சேர்த்துச் சொன்னார். பெண்ணுக்கு இஷ்டமில்லை போலிருக்கிறது என்று அங்கே ஒரு பேச்சு, பையனுக்கு இஷ்டமில்லை போலிருக்கிறது என்று இங்கே ஒரு பேச்சு. அவர் என் எண்ணை பிளாக் செய்தாரா, நான் அவருடையதைச் செய்தேனா, யார் முதலில் செய்தது என்பதுகூட இப்போது நினைவில்லை.

அடி இல்லை, உதை இல்லை, குடி இல்லை, வேறு பெண் இல்லை. வக்கீல் இதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றேன். அவருக்கே கொஞ்சம் ஏமாற்றமாக இருந்திருக்க வேண்டும்.

"அப்ப யாருக்கும்மா வேணாம்? உனக்கா, அவருக்கா?"

"அவருக்கு வேணாம்னு இருக்காரு சார்."

"நீ என்ன சொல்ற?"

"அவருக்கு வேணாம்னா எனக்கும் வேணாம்."

"அதுக்குப் பேருதாம்மா மியூச்சுவல் கன்சென்ட்" என்று பேனாவை மூடினார். சிக்கலான கணக்குக்குச் சுலபமாக விடை வந்துவிட்ட மாதிரி சிரித்தார். எனக்கு ஏதோ இடறியது. நான் சொன்னதில் என் சம்மதம் எங்கே இருக்கிறது? அவருடையதைத்தானே சொன்னேன். கேட்கலாம் என்று நினைப்பதற்குள் மாமா டீ சொல்லிவிட்டார்.

சேர்ந்து வாழாமல் ஒரு வருஷம் ஆனால்தான் மனு போட முடியும் என்றார்கள். ஆனது. போட்டோம். மனுவில் எங்கள் இரண்டு பேர் பெயரும் ஒன்றன் கீழ் ஒன்றாக இருந்தது. எதிரி என்று யாருமே இல்லை. மனுதாரர்கள் இருவரும் என்றே கடைசி வரைக்கும் போனது. கல்யாணப் பத்திரிகைக்கு அப்புறம் எங்கள் பெயர்கள் சேர்ந்து அச்சானது அதில்தான். யோசித்துப் பார்க்க ஆறு மாசம் கொடுத்தார்கள். அந்த ஆறு மாசத்தில் நான் யோசித்தது முழுக்க அவர் என்ன யோசிக்கிறார் என்பதைத்தான்.

கண்ணாடிக் கடையில் தினமும் ஒரு வேடிக்கை நடக்கும். பரிசோதனை நாற்காலியில் உட்கார வைத்து, கனமான இரும்புப் பிரேமை மூக்கில் மாட்டி, ஒரு கண்ணாடிச் சில்லைப் போட்டு எடுத்து இன்னொன்றைப் போட்டு, "இதுல நல்லா தெரியுதா, மொதல்ல போட்டதுலயா?" என்று கேட்பார்கள். பக்கத்து ஊர்க் கரும்பு விவசாயி ஆனாலும் சரி, காலேஜ் புரொபசர் ஆனாலும் சரி, அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் ஒரே மாதிரிதான். கேட்பவர் முகத்தைப் பார்ப்பார்கள். எதைச் சொன்னால் சரி என்று அந்த முகத்தில் தேடுவார்கள். "ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு. உங்களுக்கு எது சரின்னு படுதோ அதையே போடுங்க" என்பார்கள். நான் பக்கத்தில் நின்று சிரிப்பை அடக்கிக்கொள்வேன். உங்கள் கண்ணைப் பற்றிக் கேட்டால் எங்களைக் கேட்கிறீர்களே என்று கேலிகூடச் செய்திருக்கிறேன்.

கடைசி நாளும் வந்தது. விழுப்புரம் கோர்ட்டுக்கு மாமாவும் நானும் போனோம். அம்மா அந்தப் படியை மிதிக்க மாட்டேன் என்றுவிட்டாள். அவர் தனியாக வந்திருந்தார். மோட்டார் எண்ணெய்க் கறை போகாத விரல்களை முழுக்கைச் சட்டைக்குள் பாதி மறைத்துக்கொண்டு வராண்டா தூணுக்குப் பக்கத்தில் நின்றார். இளைத்திருந்தார். எனக்கு அழுகை வந்தது. வந்ததைக் காட்டிக்கொள்ளாமல் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பை எல்லாம் படித்தேன். எங்கள் முறை வரத் தாமதமானது. லோடு விஷயமாக மாமாவுக்குப் போன் மேல் போன். "கையெழுத்துதானே, வக்கீல் பாத்துக்குவாரு. நீ பஸ் புடிச்சி வந்துடும்மா" என்று மத்தியானமே கிளம்பிவிட்டார்.

கூப்பிட்டார்கள். போய் நின்றோம். நீதிபதி ஒரு பெண். நிதானமாகப் பேசினார். முதலில் அவரைக் கேட்டார். "மனுவுல இருக்கறது தெரியும் இல்லையா? பிரியறதுக்கு உங்களுக்குச் சம்மதமா?"

"அவங்களுக்குச் சம்மதம்னா எனக்கும் சம்மதம்மா" என்றார் அவர்.

நான் வக்கீலிடம் சொன்ன அதே வாக்கியம். அப்படியானால் இது எங்கேயிருந்து ஆரம்பித்தது? எனக்குச் சம்மதம் என்று இவருக்கு யார் சொன்னது? நான் யோசித்து முடிப்பதற்குள் நீதிபதி என் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கும்மா?"

இதற்கு முன்னால் யாரும் என் சம்மதத்தை என்னிடம் கேட்டதில்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. சேர்த்து வைத்தபோது கேட்கவில்லை. பிரிக்கும்போது கேட்கிறார்கள். பதில் சொல்லிப் பழக்கமே இல்லை. நான் நீதிபதியின் முகத்தைப் பார்த்தேன். அதில் எந்தப் பதிலும் எழுதியிருக்கவில்லை. பக்கத்தில் நின்றவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது என்று சொல்ல வேண்டும் போலிருந்தது.

"அவருக்குச் சம்மதம்னா எனக்கும்" என்றேன்.

நீதிபதி நிமிர்ந்து எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "யாராவது கட்டாயப்படுத்தறாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றோம். "யோசிச்சுதான் சொல்றீங்களா?" என்றார். இரண்டு பேரும் தலையாட்டினோம். பொய் இல்லை. ஒன்றரை வருஷமாக யோசித்துக்கொண்டுதான் இருந்தோம். நீதிபதி தன் கடமையை ஒழுங்காகத்தான் செய்தார். எங்களுக்குத்தான் பதில் சொல்லத் தெரியவில்லை. முடிந்தது என்றார் வக்கீல்.

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. திரும்பினால் அவர்.

"எதுல போற?"

"பஸ்லதான்."

"தனியாவா போற? இரு. கொண்டு போயி விட்டுட்டு வர்றேன்."

தினமும் தனியாகத்தான் வேலைக்குப் போய் வருகிறேன், இவர் யார் இப்போது என்னைக் கொண்டுபோய் விட என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. காலையில் கேட்டிருந்தால் இவர் என் புருஷன். இப்போது யார் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததும் அவர் முந்தி ஏறி ஜன்னலோரம் எனக்கு இடம் பிடித்துவிட்டார். பஸ் நகர்வதற்குள் இறங்கி ஓடிப்போய் ஒரு பொட்டலம் அவித்த மல்லாட்டையும் வாங்கி வந்தார். கண்டக்டரிடம் திண்டிவனம் ரெண்டு என்று இவரே கேட்டார்.

விக்கிரவாண்டி வந்தது. டோல்கேட்டில் வண்டிகள் வரிசையாக நின்றிருந்தன. பொட்டலத்தைப் பிரித்தார். ஒன்றை உரித்தார். பருப்பைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் முழித்தார். தட்டு இல்லை. நான் கையை நீட்டினேன்.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றார்.

"கேளுங்க."

"அன்னிக்கு ஆடி முடிஞ்சி உன்னை ஏன் கொண்ணாந்து வுடல?"

"யாரு கொண்ணாந்து வுடல?"

"உங்க வீட்லதான்."

"நாங்க எதுக்குக் கொண்ணாந்து வுடணும்? நீங்கதான வந்து அழைச்சிக்கினு போவணும்?"

உரித்துக்கொண்டிருந்த கை நின்றது. "எங்க பக்கம் அப்டி இல்லியே. பொண்ணு வீட்லதான கொண்ணாந்து வுடுவாங்க. தட்டு வரிசையோட வருவாங்க, வாசல்ல நிக்க வச்சி ஆரத்தி எடுத்து உள்ள கூப்புடுவோம். பையனே போயி நின்னா, அனுப்ப மாட்டோம்னா நெனச்சீங்கன்னு பொண்ணு வீட்ல கோச்சிப்பாங்க. எங்க அண்ணனுக்கு, சித்தப்பாவுக்கு, எல்லாருக்கும் அப்டித்தான்."

பஸ் நகர்ந்தது. சொந்தத்தில் கட்டியிருந்தால் இரண்டு வீட்டுக்கும் ஒரே வழக்கமாக இருந்திருக்கும், இது ஒரு பேச்சாகவே வந்திருக்காது. அசலில் வந்த சம்பந்தம். இரண்டு வீட்டிலும் இது உலகத்துக்கே தெரிந்தது என்று நினைத்துக்கொண்டார்கள். தெரிந்ததை யார் வாய்விட்டுச் சொல்வார்கள்?

"ஆவணி பூரா வெள்ளிக்கெழமன்னா எங்கம்மா ஆரத்தி கரைச்சி வச்சிக்கினு தெருவப் பாத்துக்கினு இருந்தாங்க" என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "வாயத் தொறந்து கேக்கறதுக்கு இன்னா?"

"கேட்டேனே. எப்ப வர்றன்னு கேட்டேனே."

"நானுந்தான் கேட்டேன், எப்ப வர்றீங்கன்னு."

முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அதற்கப்புறம் கூட்டேரிப்பட்டு வரைக்கும் நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். அவர் உரித்து உரித்து என் உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தார். நான் தின்னவில்லை. கை நிறைந்ததும் நிறுத்திவிட்டு தோலை எல்லாம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

திண்டிவனத்தில் இறங்கியதும் திரும்பிவிடுவார் என்று நினைத்தேன். "வூடு வரைக்கும் வர்றேன்" என்று கூடவே நடந்தார். எங்கள் தெருவுக்குள் நுழைந்ததும் எனக்குக் கால் கூசியது. அம்மா வாசலில் நின்றிருந்தாள். காலையிலிருந்தே நின்றிருப்பாள். என்னைப் பார்த்தாள், பின்னால் வருபவரைப் பார்த்தாள். தோளில் கிடந்த முந்தானையைச் சட்டென்று இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"வாங்க மாப்ள. இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

ஒன்றரை வருஷத்துக்கு மேலாக அவள் வாயில் காத்துக்கிடந்த வாக்கியம் அது. அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். "உள்ள வாங்க. வெயில்ல வந்திருக்கீங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள், ஃபேனைப் போட்டாள், சொம்பில் தண்ணீர் கொண்டு வந்தாள். அவர் நுனியில் உட்கார்ந்தார்.

"அம்மா, முடிஞ்சிடுச்சிம்மா" என்றேன்.

"இன்னா முடிஞ்சிது? வந்தவரு சாப்புட்டுத்தான் போவணும்" என்று என்னைப் பார்க்காமலே சொல்லிவிட்டு அறைக்குள் போனாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு எவர்சில்வர் தட்டோடு வந்தாள். தட்டில் வேட்டி, சட்டைத்துணி, அதன் மேல் இரண்டு வாழைப்பழம். இன்னொரு கையில் ஒரு புடவை. அந்த ஆடியில் எடுத்தவை. வேட்டியின் மடிப்புகள் மஞ்சளடித்திருந்தன. புடவையை என் கையில் திணித்துவிட்டுத் தட்டை அவர் முன்னால் நீட்டினாள். இது எதற்கான தட்டு என்று அவளுக்கும் தெரிந்திருக்காது. அழைக்க வந்த மாப்பிள்ளைக்குக் கொடுப்பதாகச் சொல்லி எடுத்து வைத்தது. மாப்பிள்ளை வந்துவிட்டார், கொடுக்கிறாள், அவ்வளவுதான்.

அவர் எழுந்து நின்றார். கையை நீட்டவில்லை. என்னைப் பார்த்தார். கோர்ட்டில் தரையைப் பார்த்தது போல இல்லாமல் நேராக என் முகத்தைப் பார்த்தார்.

"வாங்கிக்கட்டுமா?" என்றார். "நீ இன்னா சொல்ற?"

நானும் அவர் முகத்தில் பதிலைத் தேடப் பார்த்தேன். தேடுவதை நிறுத்திக்கொண்டேன்.

"வாங்கிக்கங்க. எனக்குச் சம்மதம்" என்றேன். "உங்களுக்கு?"

அவர் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார். அம்மா தட்டைப் பிடித்தபடி நின்றாள்.

"எனக்குச் சம்மதம்" என்று சொல்லி இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டார்.